காட்டுக்கொடியைக் கூடை முடையப் பதப்படுத்தும் முறை

பச்சைக்கொடியை வெட்டிய அன்றே முடைந்துவிடலாம். அதைப்போல் இணங்கி வளையும் பொருள் வேறில்லை. ஆனால் ஈரம் வற்றும்போது கொடி சிறுத்துவிடுவதால், முடைந்த அன்று இறுக்கமாக இருந்த பின்னலில் சில வாரங்களில் இடைவெளி விழுந்து கூடை ஆட்டம் கண்டுவிடும். ஆகவே முதலில் உலர்த்தி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பின், முடையும் நாளில் மீண்டும் ஊறவைப்பதே சரியான முறை. ஊறிய கொடி சற்று உப்பினாலும் பச்சையில் இருந்த பருமனை எட்டாது.

இலையுதிர்க்கும் இனங்களை, இலை உதிர்ந்த பின்பும் புதுத் துளிர் விடும் முன்பும் வெட்டுவது நல்லது. சாறோட்டம் அப்போது குறைந்திருக்கும்; இலை பறிக்கும் வேலையும் மிச்சம். இதில் ஓர் இடரும் உண்டு. தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும் பாய்சன் ஐவி போன்ற கொடிகளை இலையில்லாத காலத்தில் இனங்காண்பது கடினம். அவற்றின் எண்ணெய் காய்ந்த தண்டிலும் வீரியம் குறையாமல் நெடுநாள் தங்கும். எனவே இலையிருக்கும்போதே நல்ல கொடியை அறிந்து, நூல் கட்டி அடையாளமிட்டு வையுங்கள். தண்டு நெடுக மயிர்போல வேர் அடர்ந்த கொடியைத் தொடவே வேண்டாம்.

மரத்தில் ஏறிய கொடியைவிடத் தரையில் ஓடிய கொடியே கிளை குறைந்து, நேராகவும் நீளமாகவும் கிடைக்கும். மெல்லிய கொடியை விரலில் சுற்றிப் பார்த்து, முறியாவிட்டால் பின்னலுக்கு எடுத்துக்கொள்ளலாம். தடித்தவை சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் ஆகும்.

வெட்டிய அன்றே பக்கக்கிளைகளை நறுக்கி, பருமன்வாரியாகப் பிரித்து, வளையங்களாகச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். நீட்டியபடியே காய்ந்த கொடியைப் பிறகு எந்தப் பாத்திரத்திலும் அடக்க முடியாது.

ஹனிசக்கிள் போன்ற கொடிகளின் பட்டையை நீக்க விரும்பினால், உலர்த்தும் முன் வளையங்களை மூன்று நான்கு மணி நேரம் வேகவைத்து, இரவு முழுவதும் அந்நீரிலேயே விட்டு, மறுநாள் முரட்டுத் துணியால் உருவுங்கள். பட்டை கழன்று வழவழப்பான தண்டு வெளிப்படும். உள்ளிருக்கும் பூச்சிகளும் இதில் மடியும். சமையலுக்குப் புழங்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். காட்டுத் திராட்சையில் தானாக உரியும் பட்டையை மட்டும் தேய்த்து எடுத்தால் போதும். அதன் சொரசொரப்பே ஓர் அழகு.

பின்னர் காற்றோட்டமான நிழலில், ஒன்றோடொன்று ஒட்டாதபடி வளையங்களைத் தொங்கவிடுங்கள். நேர்வெயில் மேற்புறத்தை மட்டும் விரைவாக உலர்த்தி வெடிக்கச் செய்யும். பருமனைப் பொறுத்து இதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

முடையும் நாளில் மெல்லிய கொடியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரமும், தடித்ததைச் சில மணி நேரமும் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வேலைக்குத் தேவையானதை மட்டும் நனையுங்கள். நாள்கணக்கில் நீரில் கிடந்தால் கொடி கறுத்து வழுவழுத்துவிடும். முறிவு பெரும்பாலும் கணுவில்தான் நேரும் என்பதால், முதல் வளைவைக் கணுவிலேயே செய்து பாருங்கள். நெறுநெறுவென்று ஒலித்தால் மீண்டும் நீரிலிடுங்கள்.