எஸ்போசித்தோ: ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் குடும்பப்பெயர்களில் ரோஸ்ஸி முதலிடத்தில் இருக்கிறது. ருஸ்ஸோ, ஃபெராரி ஆகியவற்றை ஒட்டி எஸ்போசித்தோவும் முன்வரிசையில் வருகிறது. நேப்பிள்ஸ் நகரிலும் அதைச் சூழ்ந்த காம்பானியா மாநிலத்திலும் அதற்கே முதலிடம். 1889-இல் அரசி மார்கெரித்தாவுக்கெனப் பீட்சா செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் நேப்பிள்ஸ் சமையற்காரரின் பெயரும் ரஃபாயேலே எஸ்போசித்தோதான். இவ்வளவு பரவிய பெயராக இருந்தும், இதன் பொருளைப் பற்றியும் இதைச் சுமந்த குடும்பங்களைப் பற்றியும் தவறான செய்திகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

முதல் தவறு பொருளில் நேர்கிறது. இன்றைய இத்தாலிய அகராதியில் இதற்கு நெருங்கிய சொல்லைத் தேடுபவர்களுக்குக் 'காட்சிக்கு வைக்கப்பட்டது', 'வெளிப்படுத்தப்பட்டது' என்ற பொருள்களே முதலில் கிடைக்கும். அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைவீதியில் பொருள்களைப் பரப்பி விற்ற வணிகர்களின் பெயர் இது என்று எழுதிவிடக் கூடாது. 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று பொருள்படும் 'எக்ஸ்பொசித்துஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். பெற்றோரால் வளர்க்க இயலாமல், பிறர் எடுத்து வளர்க்கட்டும் என்று விடப்பட்ட குழந்தையை அச்சொல் குறித்தது. அத்தகைய குழந்தைகளை நேப்பிள்ஸில் ஏற்றுக்கொண்ட இடம், பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய அன்னுன்சியாத்தா இல்லம். மங்கள வார்த்தை மாதாவின் பெயரில் அமைந்த கோயிலும் மருத்துவமனையும் சேர்ந்த அறநிலையம் அது. அதன் வெளிச்சுவரில் ஒருபுறம் மட்டும் திறப்புள்ள மர உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தெருவில் நிற்பவர் குழந்தையை அதற்குள் கிடத்திச் சுழற்றினால் திறப்பு உட்பக்கம் திரும்பும். உள்ளே காவலிருப்பவர் குழந்தையை எடுத்துக்கொள்வார். கொண்டுவந்தவரின் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. 'சக்கரம்' என்றே அழைக்கப்பட்ட அந்த அமைப்பு நேப்பிள்ஸில் 1875-இல் மூடப்பட்டது.

பொருளைச் சரியாக அறிந்தவர்களும் அடுத்த தவற்றில் விழுகிறார்கள். என் பார்வையில், எல்லாவற்றிலும் தீங்கு மிகுந்தது இதுதான். எஸ்போசித்தோ என்றாலே முறைதவறிய உறவில் பிறந்தவரின் வழிவந்தவர் என்று முடிவுகட்டுவது பெரும் அநீதி. திருமணமாகாத தாய்மார்களின் குழந்தைகள் சக்கரத்தை வந்தடைந்தது உண்மையே. ஆனால் முறையாக மணந்து, பஞ்சத்தாலோ நோயாலோ தாயின் மரணத்தாலோ குழந்தையைக் காப்பாற்ற வழியின்றிப் போன ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளும் அதே வழியாகத்தான் உள்ளே சென்றார்கள். பல குழந்தைகளின் துணியில் பாதியாக வெட்டிய பதக்கமோ, கிழித்த படத்தின் ஒரு துண்டோ, வண்ண நாடாவோ வைக்கப்பட்டிருந்தது. காலம் நல்லபடியாக மாறினால் மறுபாதியைக் காட்டிப் பிள்ளையைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையில் வைத்த அடையாளம் அது. கைவிடுவதற்கென்றே வந்தவர்கள் பதக்கத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு வருவார்களா? நேப்பிள்ஸ் மக்கள் இந்தக் குழந்தைகளை 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்ததையும் இங்கே சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்பெயருடைய அனைவரும் ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள் என்று கொள்வது மற்றொரு தவறு. பொதுவாக ஒரு குடும்பப்பெயர் உறவைக் காட்டும். இதுவோ, பெற்றோர் யாரென்று தெரியாத, ஒருவரோடொருவர் இரத்தத் தொடர்பற்ற எண்ணற்ற குழந்தைகளுக்குப் பதிவேட்டில் இடப்பட்ட ஒரே பெயர். ஆகவே ஒரே தெருவில் வாழும் இரண்டு எஸ்போசித்தோ குடும்பங்கள் முற்றிலும் வேறான வேர்களைக் கொண்டிருக்கலாம். 'எஸ்போசித்தோ குலத்தின் தொன்மையான சின்னம்' என்று சட்டமிட்டு விற்கப்படும் படங்களுக்குப் பணம் கொடுக்கும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்தச் சின்னம் எங்கோ இப்பெயரைத் தாங்கிய ஒரு குடும்பத்துக்கு உரியதாகவே இருந்தாலும், அதை எல்லா எஸ்போசித்தோக்களுக்கும் பொதுவாக்க முடியாது. இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. சக்கரத்தின் வழியே வந்த பெண் குழந்தைகள் வளர்ந்து மணந்தபோது, அவர்களுடைய பிள்ளைகள் தந்தையின் பெயரையே பெற்றார்கள். அன்னுன்சியாத்தாவில் வளர்ந்த ஒரு பாட்டியின் வழித்தோன்றல்கள் இன்று ரோஸ்ஸியாகவும் ருஸ்ஸோவாகவும் இருக்கக்கூடும்.

காலத்தைக் கவனிக்காமல் முடிவு சொல்வதும் கூடாது. நெப்போலியனின் மைத்துனரான ஜோக்கிம் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்டார். பிறப்பின் நிலையை ஊருக்கு அறிவிக்கும் இந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு இடும் வழக்கம் அவர் காலத்தில் தடுக்கப்பட்டு, அவர்களுக்கு வெவ்வேறு பெயர்கள் சூட்டப்படலாயின. எனவே 1850-இல் பிறந்த ஒரு எஸ்போசித்தோ, சக்கரத்தில் விடப்பட்ட குழந்தை என்பதைவிட, தந்தை அல்லது பாட்டன் வழியாகப் பெயரைப் பெற்றவர் என்று கருதுவதே பொருத்தம். அதே ஆண்டில் சக்கரத்தின் வழியே வந்த குழந்தையின் பெயரோ அந்த வரலாற்றைச் சிறிதும் காட்டாததாக இருக்கலாம். பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அந்நிலையை உணர்த்தும் பெயரை இடக் கூடாது என்று இன்றைய இத்தாலியக் குடிநிலைப் பதிவு விதிகளும் தெளிவாகவே தடை செய்கின்றன.

நேப்பிள்ஸின் வழக்கத்தை இத்தாலி முழுவதற்கும் பொருத்துவதும் பிழையே. ஃப்ளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வடிவமைத்து 1445-இல் திறக்கப்பட்ட, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான 'மாசற்றோர் இல்லம்' இன்னொசென்தி என்ற பெயரைத் தந்தது. ரோமாபுரியின் பக்கம் 'எறியப்பட்டவர்' என்னும் கடுமையான பொருளுடைய புரோயெத்தி வழங்கியது. சிசிலியில் 'கண்டெடுக்கப்பட்டவர்' எனப் பொருள்படும் த்ரொவாத்தோ உண்டு. பொலோஞ்ஞாவில் 'தெல்யி எஸ்போஸ்தி' என்ற வடிவம் காணப்படுகிறது. மிலானின் பெரிய மருத்துவமனை புறாவைச் சின்னமாகக் கொண்டிருந்ததால், அங்கு வளர்ந்த குழந்தைகள், புறா என்று பொருள்படும் கொலொம்போ ஆனார்கள். (இலங்கையின் கொழும்பு நகரின் ஆங்கிலப் பெயரோடு இது எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை, அந்த ஊரைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே அரபுப் பயணி இபின் பதூதா 'கலன்பு' என்று குறித்திருக்கிறார்.) ஆனால் புறா வளர்த்தவர்களுக்கும் கொலொம்போ என்ற பெயர் வந்திருக்கலாம் என்பதால், எஸ்போசித்தோவில் உள்ள உறுதி அதில் இல்லை.

உச்சரிப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தின் வழியே 'எஸ்போசிட்டோ' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். இத்தாலிய ஒலி நம் தகரத்துக்கே நெருக்கமானது, அழுத்தம் 'போ' என்ற அசையில் விழும். அமெரிக்காவில் அந்த அழுத்தம் 'சி'க்கு நகர்ந்துவிட்டது.

அமெரிக்காவுக்குச் சென்ற குடும்பங்களைத் தேடுபவர்கள், நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தில் இருந்த அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்ற கதையை எளிதில் நம்புகிறார்கள். 1892-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் அலுவலர்கள், புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட கப்பல் பயணியர் பட்டியலை வைத்துத்தான் வந்தவர்களைச் சரிபார்த்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் பின்னாளில், பள்ளியிலும் வேலையிடத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் மாறின. ஆகவே பட்டியலில் எஸ்போசித்தோவோடு ஸ்போசித்தோ, தெஸ்போசித்தோ போன்ற வடிவங்களையும் சேர்த்துத் தேட வேண்டும். பெண்களை அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே தேட வேண்டும். இத்தாலிய ஆவணங்களில் மனைவி தன் குடும்பப்பெயரை இழப்பதில்லை.

தேடலில் கடைசியாக நிகழும் தவறு, பாதியில் நிறுத்திவிடுவது. நேப்பிள்ஸ் அரசில் குடிநிலைப் பதிவு 1809-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய செய்திகளைப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண ஏடுகளில் தேட வேண்டும். முதல் எஸ்போசித்தோவை அடைந்ததும் தந்தை பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, இனி ஒன்றும் இல்லை என்று ஏட்டை மூடிவிடுகிறார்கள். குழந்தைகள் இல்லத்தின் சொந்தப் பதிவேடு அதற்கு அப்பாலும் பேசும்: குழந்தை வந்த நாள், நேரம், ஏறத்தாழ எத்தனை நாள் வயது, சுற்றியிருந்த துணி, அதனுள் வைக்கப்பட்டிருந்த பாதிப் பதக்கம்.