கற்றாழை மடலை எப்போது வெட்டுவது?

கண்டிக்குப் பக்கத்தில் ஹேனாவலையில் நெய்யும் தும்பறைப் பாய்க் கலையை 2021இல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாய்க்கு வேண்டியது கற்றாழை வகைச் செடியின் நார். தோட்டத்து வேலியோரம் நிற்கிறதே ஆனைக்கற்றாழை, அதிலும் நார் எடுக்கலாம். ஆனால் எப்போது வெட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

1. செடிக்கு வயது வரட்டும். நட்டு 2, 3 வருஷம் போய், அடிமடல்கள் சாய்ந்து நிலத்தைத் தொடும்வரை கை வைக்க வேண்டாம்.

2. மடலைத் தெரிவு செய்யுங்கள். நடுக்குருத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்பவை இளசு. அவற்றில் நார் குறைவு, நீளமும் பலமும் போதாது. நிமிர்ந்த நிலையிலிருந்து 45 பாகைக்கு மேல் சாய்ந்ததை வெட்டலாம். தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கை மேலேதான் போகும். இங்கே எல்லாம் தலைகீழ், கீழேயிருந்து தொடங்க வேண்டும். அதற்காக ரொம்ப நாள் விட்டுவைத்தாலும் நட்டம்தான்: அடிமடல் காய்ந்து, நார் முரடாகிவிடும்.

ஒரே வெட்டில் செடியை மொட்டையடிக்காதீர்கள். முதல் வெட்டில் 20 மடலாவது நிற்கட்டும். குறைந்தால் வளர்ச்சி மந்தமாகி, அடுத்த வெட்டு தள்ளிப்போகும். நடுவில் பூத்தண்டு கிளம்பிவிட்டதா? அந்தச் செடிக்கு இனிப் புது மடல் கிடையாது. இருக்கும் முற்றிய மடல்களை எடுத்துவிட்டு, பக்கக் கன்றை நடுங்கள்.

3. நாள் பாருங்கள். நல்ல நாள் அல்ல, வெயில் நாள்! மலையகத்தில் ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. வெட்டினாலும் நார் காயாது, ஈரத்திலேயே நிறம் கெடும். ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. வெட்டிய மடலை அன்றைக்கே சுரண்டிவிட வேண்டும். பிந்தினால் சாறு நாரோடு ஒட்டிக் காய்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு கழுவினாலும் வெள்ளை வராது. அதனால் ஒரு நாளில் சுரண்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். 100 கிலோ மடலுக்கு 3, 4 கிலோ நார்தான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

4. சுரண்டுவது. முள்நுனியை வெட்டி, மடலைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சதையை வழித்தெடுங்கள். சாறு பட்டால் அரிக்கும், நீளக்கைச் சட்டை போடுங்கள். கழுவி, அன்றே வெயிலில் விரியுங்கள்.

பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில், கழுவுவதென்றால் குடிதண்ணீர் பிடிக்கும் இடத்தில் வேண்டாம். சக்கையை ஓடையிலும் கொட்டாதீர்கள், மீன் செத்து மிதக்கும்.