பழைய லெப்டொப்புக்கு எஸ்.எஸ்.டி. போட்டேன்

தங்கச்சி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் லெப்டொப் அது. பட்டனை அழுத்திவிட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினால், குடித்து முடித்த பிறகும் விண்டோஸ் வந்திருக்காது. உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய் 480 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி.யும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் வேகமான டிஸ்க்; சாட்டா என்பது பழைய டிஸ்க்கின் அதே வகை இணைப்பு), அதை யூ.எஸ்.பி.யில் மாட்டும் கேபிளும் வாங்கினேன். குளோன் செய்ய, அதாவது பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் பிரதி எடுக்கப் போனால், இடம் போதாது என்றது. பாட வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியான பார்ட்டிஷனையும் சுருக்கிய பிறகுதான் ஓடியது. வெளியே அடைமழை; கரண்ட் போனாலும் நிற்கக் கூடாதென்று பற்றரியை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன்.

ஆணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே வைத்தேன். இதை யாரும் சோம்பல்படாமல் செய்யுங்கள், நீள ஆணி மாறி ஏறினால் போர்டையே குத்தும். மூடி திறந்ததும் முதல் வேலை, பற்றரி இணைப்பைக் கழற்றுவது.

பழைய டிஸ்க்கின் இடத்தில் புதியதை வைத்துப் பூட்டிப் போட்டால், டிஸ்க்கே இல்லை என்றது திரை. நெஞ்சு திக்கென்றது. திரும்பத் திறந்தேன். பழையது 9.5 மி.மீ. தடிப்பு, புதியது 7 மி.மீ.; ஆடிய ஆட்டத்தில் கனெக்டர் பாதிதான் ஏறியிருந்தது. கூடவே வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி, அழுத்திச் செருகினேன்.

இப்போது இருபது விநாடியில் திறக்கிறது. பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை, தங்கச்சியின் பரீட்சை முடியும்வரை அலுமாரியில் இருக்கட்டும்.