சேவைச் சங்கத்தின் வாரக் கூட்டமும் நிதி திரட்டலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டப் போன சங்கம் கடைசியில் கையைக் கடித்துக்கொண்டது என்றால், காரணத்தை அதற்கு முந்தைய இரண்டு மாத வாரக் கூட்டங்களில் தேட வேண்டும். ரோட்டரியோ லயன்ஸோ, ஊருக்கு ஊர் நடக்கும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கூட்டம். ஏழு மணி என்று அழைப்பு அனுப்பிவிட்டு, தலைவர் மணி அடிப்பது ஏழே முக்காலுக்கு. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை, பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து. சிறப்புப் பேச்சாளர் கையில் மைக் வரும்போது பாதிப் பேர் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். நிதி பற்றிய பேச்சோ அதற்கும் பின்னால், தட்டோடு நின்றுகொண்டு. இப்படி எடுத்த முடிவை அடுத்த வாரம் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நிதி, திட்டம் இரண்டையும் பேச்சாளருக்கு முன்பே வைத்து, இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பேச்சாளருக்கு இருபத்தைந்து நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொன்னாடை அவருக்கு மட்டும் போதும். தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு மினிட் புத்தகத்தில் அன்றே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் விழும் கட்டைவிரல் தீர்மானம் ஆகாது.

இனி வரவு செலவு. "இரண்டு லட்சம் வசூல்" என்று சொல்வது மொத்த வரவைத்தான். மிச்சம் எவ்வளவு என்பதே கேள்வி. எடுத்துக்காட்டாக, 40 உறுப்பினர்களுக்குத் தலா 10 டோனர் பாஸ் (நன்கொடை நுழைவுச் சீட்டு), ஒன்று 500 ரூபாய் என்றால் முழுதும் விற்றால் 2,00,000. மண்டபம் 40,000, ஒலி ஒளி 30,000, கலைக்குழு 60,000, அச்சு 8,000, குழுவினர் சாப்பாடு, போக்குவரத்து 12,000 என்று செலவு 1,50,000 ஆகிறது. 300 பாஸ் விற்றால்தான் கை நட்டமில்லை. 301-வது பாஸிலிருந்துதான் சேவைக்குக் காசு. அதனால் மண்டபச் செலவை ஏற்கும் ஒரு புரவலரை முதலில் பிடித்துவிட்டு, அதன்பிறகு பாஸ் அச்சடிப்பதே சரி.

பாஸ் விநியோகத்தில்தான் அதிகம் ஓட்டை விழுகிறது. வரிசை எண், அடிக்கட்டை இரண்டும் இல்லாத பாஸ் அச்சடிக்கவே கூடாது. யாருக்கு எந்த எண் முதல் எந்த எண் வரை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் விற்றது, விற்காதது, கையில் வந்த பணம் மூன்றையும் பொருளாளர் வாசிக்கட்டும். விற்காத பாஸை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே திரும்ப வாங்குங்கள். விழா அன்று வாசலில் "கணக்கு அப்புறம்" என்று போனது வருவதே இல்லை. வாசல் வசூலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, நோட்டு வாரியாக எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணை வசூலுக்குக் கொடுப்பது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தவறு. சங்கக் கணக்கின் கியூஆர் அட்டையை வையுங்கள்.

லயன்ஸில் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது விதி. அதனால் சேவைக் கணக்கும் நிர்வாகக் கணக்கும் தனித்தனி. எந்தச் சங்கமானாலும் இதைக் கடைப்பிடிக்கலாம். பதவியேற்பு விழாச் சாப்பாட்டை உறுப்பினர் சந்தாவில்தான் போட வேண்டும்.

நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகையை வாய்வார்த்தையாக வாக்களிக்காதீர்கள். பெரும்பாலும் அந்தப் பதிவு சங்கத்திடம் இருக்காது, சங்கத்தின் அறக்கட்டளையிடம்தான் இருக்கும். ரசீதும் அறக்கட்டளை பெயரில் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. பான் எண், முகவரியைப் பணம் வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள், வருடக் கடைசியில் தேடி அலைய நேரம் இருக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் தொகைக்குத் தனி அனுமதி வேண்டும்.

குலுக்கல் சீட்டு விற்பதை அறவே விடுங்கள். தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. "நல்ல காரியத்துக்குத்தானே" என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது. ஒலிபெருக்கியும் இரவு பத்து மணிக்கு நின்றுவிட வேண்டும். கடைசிப் பாட்டை ஒன்பதே முக்காலுக்கே முடிக்கும்படி கலைக்குழுவிடம் எழுதி வாங்குங்கள்.

ஜூலை 1-இல் சங்க நிர்வாகிகளின் பொறுப்பு மாறுகிறது, நிதியாண்டு முடிவதோ மார்ச் 31-இல். இந்த இடைவெளியில் மாட்டிய கணக்குக்குப் பழையவர், புதியவர் இருவருமே பொறுப்பெடுக்க மாட்டார்கள். வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகலும் அடையாளச் சான்றுகளும் கேட்பார்கள். ஜூன் முதல் வாரக் கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தைப் போட்டால் ஜூலையில் காசோலை திரும்பாது.

நிகழ்ச்சி முடிந்த இரண்டாவது வாரக் கூட்டத்தில் முழுக் கணக்கையும் வாசித்து, அதன் ஒரு பக்கச் சுருக்கத்தை நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். திரட்டிய பணத்தில் பள்ளிக்குப் பெஞ்ச் வாங்கியிருந்தால், அதன் பில் நகலும் அதோடு இருக்கட்டும்.