டிரிப் ஏற்றப் போகிறீர்களா? ஊசி ஏறும் முன் கேட்க வேண்டியவை, ஏறிய பின் பார்க்க வேண்டியவை

என் அம்மையின் இடது முழங்கைக்குக் கீழே, சாயா கொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. உள்ளங்கை அகலம். நாலு வருஷமாக எந்தச் சோப்புக்கும் மசியவில்லை, மசியவும் மசியாது. அது தோலுக்கு அடியில் தங்கிவிட்ட இரும்பு.

ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்ததால், குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இரும்பு மருந்தை டிரிப்பாக ஏற்றினார்கள். ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கியிருக்கிறது. கை வீங்கி எரிந்தும் அம்மை வாயைத் திறக்கவில்லை. "சிஸ்டர் பாவம், ஓடி ஓடி வேல செய்யுது, எதுக்குக் கூப்பிடணும்னு இருந்துட்டேன் மக்கா" என்றாள். நான் வெளியே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். வந்து பார்த்தபோது பாட்டிலில் பாதி போயிருந்தது.

அதற்குப் பிறகு அம்மையோடு பல தடவை, வேறு வேறு இடங்களில், டிரிப் ஸ்டாண்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை போகிறவர்களுக்காக, அங்கே கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதை வைத்துக்கொண்டு டாக்டருக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள்.

1. முதலில், டிரிப் தேவைதானா?

நம்மூரில் இரண்டு நாள் காய்ச்சல் என்றாலே, "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் போடுங்க டாக்டரே" என்று நாமே கேட்போம். அரை லிட்டர் பாட்டிலில் வரும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய மூன்று கிளாஸ் சாயாவில் போடும் சீனி. அரை லிட்டர் நார்மல் சலைனில் இருப்பது நாலரை கிராம் உப்பு. வாயால் குடிக்க முடிகிறவருக்கு, வாந்தி அடங்கியவருக்கு, ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சித் தண்ணீரும் அந்த வேலையைச் செய்துவிடும். இதயம், சிறுநீரகம் பலவீனமானவருக்குத் தேவையில்லாத ஒரு பாட்டில் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

டிரிப் வழியாகத்தான் கொடுத்தாக வேண்டிய மருந்துகளும் இருக்கின்றன. குடிக்க முடியாத அளவுக்கு நீர் வற்றியவருக்கான திரவம், சில ஆன்டிபயாட்டிக், கீமோ, மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை. இன்ஃப்ளிக்சிமாப் முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு பெரும்பாலும் 8 வாரத்துக்கு ஒருமுறை என்று நீளும். அதைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

2. ஊசிக்கு முன் கேள்வி

அம்மை என்னைத் தடுப்பது இந்த இடத்தில்தான். "எதுக்கு மக்கா அதெல்லாம் கேக்க? டாக்டருக்குத் தெரியாதா?" டாக்டருக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும் என்பது சட்டம். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் போதுமான அளவு விளக்கிய பிறகு வாங்கும் சம்மதமே சம்மதம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும் 17 உரிமைகளில் இது ஒன்று. விளக்கம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான்: மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம்? மாத்திரையாகக் கொடுக்க முடியாதா? எவ்வளவு நேரம் ஓடும்? மோசமாக என்ன ஆகலாம், அப்படி ஆகிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? பதிலை ஒரு 40 பக்க நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுதுவதைப் பார்த்தால் பதில் இன்னும் தெளிவாக வருகிறது, அது என் அனுபவம்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காலியான தாளில் கையெழுத்து வேண்டாம். கையெழுத்துப் போட்டதாலேயே அவர்கள் கவனக்குறைவுக்கு நீங்கள் பொறுப்பாகிவிட மாட்டீர்கள்.

நீங்களும் சொல்ல வேண்டியது உண்டு. எந்த மருந்துக்கு உடம்பு தடித்தது, ஆஸ்துமா உண்டா, கர்ப்பமா (முதல் மூன்று மாதம் இரும்பு டிரிப் போட மாட்டார்கள்), டயாலிசிஸ் செய்ய ஃபிஸ்டுலா வைத்த கை எது, மார்பக அறுவை நடந்த பக்கம் எது. அந்தக் கையில் ஊசி போட வந்தால், "இந்தக் கை வேண்டாம்" என்று நீங்கள்தான் நீட்டாமல் இருக்க வேண்டும்.

3. மருந்தும் காசும்

வெளியே மருந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள். மருந்தையும் பரிசோதனையையும் எங்கே எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதே சாசனத்தில் இருக்கிறது. ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. இன்ஃப்ளிக்சிமாப் மாதிரியானவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. நாகர்கோவிலில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனால் மருந்து கெட்டுப்போகலாம். ஐஸ் பெட்டியோடு தரும் கடை இல்லையென்றால் மருத்துவமனையிலேயே வாங்குவது நல்லது. பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீமோ போன்ற பெரிய செலவென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்கலாம். மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

4. கிளம்பும் நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். உடம்பில் நீர் இருந்தால் நரம்பு எளிதாகத் தட்டுப்படும். (டாக்டர் வெறும் வயிறு என்று சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.) கை தளர்வான உடுப்பு, ஏ.சி. குளிருக்கு ஒரு துண்டு. ஊசி போடும் முன் ஒருமுறை கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதற்காக அம்மை ஒருநாள் முழுக்கத் திட்டினாள்.

5. ஊசி ஏறும் நேரம்

வார்டில் எல்லோரும் "வென்ஃப்ளான்" என்று சொல்லும் பிளாஸ்டிக் குழாய் ஊசி நிறத்தை வைத்து அளவு சொல்லும். பச்சை பெரியது, ரோஸ் நடுத்தரம், நீலம் சிறியது, மஞ்சள் இன்னும் சிறியது. சிஸ்டர் கை கழுவி, புதுப் பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரித்து, தோலைத் துடைத்து, அது காய்ந்த பிறகு குத்த வேண்டும். முடிந்தால் எழுதாத கையைக் கொடுங்கள். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லையென்றால், "வேற ஒரு சிஸ்டரக் கூப்பிட முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

பாட்டிலைத் தொங்கவிடும் முன் லேபிளை வாசியுங்கள். பெயர், தேதி, அதில் கலந்த மருந்து. உள்ளே தூசி மிதந்தால் சொல்லுங்கள். இரும்பு மருந்து மட்டும் கடும் பழுப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

6. சொட்டு எண்ணுதல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிரிப் செட் உறையிலேயே ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும். சாதாரண செட் 20, சொட்டு சிறிதாக விழும் மைக்ரோ செட் 60. சாதாரண செட்டுக்குக் கணக்கு இப்படி: மில்லியை 20ஆல் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மி.லி. நாலு மணி நேரத்தில் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000, அதை 240ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. போன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். டாக்டர் நாலு மணி நேரம் என்று சொல்லியிருக்க, 120 சொட்டு ஓடினால் கூப்பிடுங்கள்.

குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைச் சக்கரத்தை மட்டும் நீங்களே திருப்பாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று சொந்தக்காரர் வேகம் கூட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது டிரிப், தண்ணீர்க் குழாய் இல்லை.

7. ஓடிக்கொண்டிருக்கும்போது

ஊசி ஏறிய இடத்தைப் போர்வையால் மூடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். வீங்குகிறதா, சில்லென்று இருக்கிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, எரிகிறதா? மருந்து நரம்புக்கு வெளியே போய்க்கொண்டிருக்கலாம். அம்மைக்கு நான் மனப்பாடம் செய்து கொடுத்த வாக்கியம்: "சிஸ்டர், கை வீங்குது, மொதல்ல நிறுத்துங்க." நிறுத்திய பிறகு பேசிக்கொள்ளலாம். இரும்பு என்றால் கறை, கீமோ மருந்துகளில் சில என்றால் சதையே புண்ணாகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடம்பு முழுக்க அரிப்பு, நடுக்கம், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், உதடு தடித்தல் வந்தால் சத்தமாகவே கூப்பிடுங்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம், நிமிடங்கள் முக்கியம்.

பயப்படத் தேவையில்லாததும் ஒன்று உண்டு. "பாட்டில் தீர்ந்தா காத்து ஏறிடும்" என்று வார்டே பதறும். ஸ்டாண்டில் தொங்கும் பாட்டில் தீர்ந்தால், குழாயில் நீர் மட்டம் இறங்கி, நரம்பின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது தானாக நின்றுவிடும். பிறகு ரத்தம் குழாயில் கொஞ்சம் பின்னால் ஏறும். உறைந்து ஊசி அடைத்துக்கொள்ளும் என்பதால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், அலற வேண்டாம். கடுகு மாதிரி குமிழிகள் ஒன்றும் செய்யாது.

8. முடிந்த பிறகு

ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம். இரும்பு ஏற்றியவர்கள் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்த பின் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நரம்பு வழியே சிவந்து கயிறு மாதிரி தடித்தல் இருந்தால் திரும்பிப் போங்கள். மூச்சு முட்டினால் 108.

இனி காகிதம். மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் எழுதிய சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. அதை 3 வருஷம் பாதுகாக்கவும் வேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அம்மையின் கறைக்காக நான் எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. "இன்ஜெக்ஷன் சார்ஜ்" என்று ஒரே வரி போட்ட பில்தான் இருந்தது. கேட்டபோது, "கொஞ்ச நாள்ல மாறிடும்" என்று சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன்.

9. தப்பு நடந்தால்

உடனே கையைப் படம் எடுங்கள். பணி மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அலுவலர்), கண்காணிப்பாளர். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தாலுகா மருத்துவமனையானாலும் இதே வரிசைதான். அரசின் மருத்துவ உதவி எண் 104க்கும் பேசலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம்.

தனியார் என்றால், மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீடு வேண்டுமானால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில், காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை. அங்கே ஆவணங்களை 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

சிஸ்டரிடம் கத்தாதீர்கள். இரவு வார்டில் அவர் ஒருவரே எத்தனை பாட்டிலைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 2008 தமிழ்நாடு சட்டப்படி உங்கள் மேல்தான் வழக்கு வரும். அதோடு உங்கள் புகாரும் செத்துவிடும்.

இப்போது நோட்டை அம்மையே எழுதச் சொல்கிறாள். போன தடவை, ஐந்தில் கடைசி டோஸ், அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

"காலை 10.20. அயர்ன் சுக்ரோஸ் 200, உப்புத் தண்ணி 100 மில்லி. வலது கை, நீல ஊசி. 67 சொட்டு, சிஸ்டரும் எண்ணிப் பாத்தாவ. 10.50க்கு முடிஞ்சு. 11.20 வர இருந்தோம். வீக்கம் இல்ல. பசிக்கு."