பிடித்த மீன் வீடு வரை கெடாமலிருக்க

பிடித்த மீனை வெறும் ஐஸ்கட்டி மேல் அடுக்காதீர்கள். ஐஸ்பெட்டியில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு உடைத்த ஐஸ், லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல்லுப்பு. இந்தக் கூழில் முழுசாக முக்கி வையுங்கள்.

கட்டி அங்கங்கேதான் மீனைத் தொடும், கூழோ செவுள் வரை சுற்றிப் பிடிக்கும். உப்பு சேர்ந்ததால் குளிர் 0 டிகிரிக்கும் கீழே இறங்கும். மே மாத வெயிலில் மும்பைக்கு எதிர்க்கரை மாண்ட்வா பக்கம் காலையில் நங்கூரம் போட்டுப் பிடித்த கிழங்கான், மாலையில் மும்பை மாட்டுங்கா வீட்டில் எடுக்கும்போதும் கண் பளிச்சென்றே இருக்கிறது.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மும்பை கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்துக் கடல்நீர் வேண்டவே வேண்டாம், அவ்வளவு அழுக்கு. அப்புறம், வெட்டிய துண்டுகளுக்கு இது ஆகாது, சொதசொதவென்று ஆகிவிடும். உயிர் நண்டுக்கு ஈரச் சாக்குதான் சரி.