பழுப்பு மாத்திரையை விடச் சொல்லாதீங்க

போன வாரம் புதுசா வந்த நர்ஸ் பொண்ணு, 'மாலா-என்' என்கிற கருத்தடை மாத்திரை அட்டையை (வெள்ளை 21, பழுப்பு 7) ஒருத்தர் கையில் கொடுத்துக்கொண்டே, "கடைசி ஏழும் சத்து மாத்திரைதான்க்கா, விட்டாலும் ஒண்ணுமில்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே வாயால் சொன்னவள்தான்.

தினமும் ஒரே நேரத்தில் போடணும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

அடுத்த அட்டையைத் தள்ளிப்போடுவது

அப்போது என்னிடம் அட்டை வாங்கியவர், கூடலூரிலிருந்து விடிகாலை ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு அக்கா. வெள்ளை 21-ஐயும் ஒழுங்காகப் போட்டார். என் பேச்சைக் கேட்டு பழுப்பு 7-ஐ விட்டார். வீட்டுக்குத் தூரமாகி, நின்று, தலைக்கு ஊற்றி, வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டு அடுத்த அட்டையைப் பிரித்தபோது பதினொரு நாள் ஓடியிருந்தது. மறுமுறை வந்தபோது முழுகாமல் இருந்தார். "நீங்க சொன்னபடிதானே நர்சம்மா செஞ்சேன்" என்றார். இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெள்ளை மாத்திரையின் ஹார்மோன் கருமுட்டை வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கருப்பை வாய்ச் சளியையும் கெட்டியாக்கும். அதை நிறுத்திய ஏழு நாளில் சினைப்பை மெல்ல முழிக்க ஆரம்பிக்கும். எட்டாம் நாள் வெள்ளை உள்ளே போனால் அடங்கிவிடும். பிந்தினால் முட்டை வெடிக்கலாம். பழுப்பில் இருப்பது வெறும் இரும்புச்சத்து, கர்ப்பத்தைத் தடுக்காது. ஆனால் நாள்கணக்கு தப்பாமல் வைத்திருப்பது அதுதான். தீட்டு நின்றாலும் நிற்காவிட்டாலும், 28 முடிந்த மறுநாளே புது அட்டை. நாலு வாரக் கணக்கு என்பதால் எப்போதும் ஒரே கிழமையில்தான் தொடங்கும். அந்தக் கிழமையை அட்டையின் பின்னால் பேனாவால் எழுதித்தான் இப்போது கொடுக்கிறேன்.

ரெண்டு வெள்ளை மறந்தால்

ஞாபகம் வந்ததும் ஒன்று. பிறகு வழக்கம்போல தினம் ஒன்று. தொடர்ந்து ஏழு வெள்ளை போட்டு முடிக்கும்வரை ஆணுறையும் வேண்டும். மறந்தது மூன்றாம் வாரமென்றால், வெள்ளை முடிந்ததும் பழுப்பைத் தாண்டி நேரே அடுத்த அட்டை. பழுப்பை விடச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

அவசர மாத்திரை

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, பாதுகாப்பில்லாமல் சேர்ந்த 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடணும். உண்டான கருவை இது கலைக்காது. முட்டை வெடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. தள்ளிப்போன முட்டை பிறகு வரும். அதனால் நேற்றைக்காகப் போட்டது இன்றைக்குக் காக்காது. ஒன்று போட்டால் மாசம் முழுக்கத் தாங்கும் என்று நம்பி வந்த பிள்ளைகள் எத்தனையோ.

கைக்குழந்தைக்காரருக்கு

பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் மாலா-என் வேண்டாம்.

டிபி மாத்திரை

டிபிக்கான ரிஃபாம்பிசின் ஓடுகிறதா என்று கேட்காமல் அட்டையைத் தொடாதீர்கள். அது வெள்ளை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.